காற்றைக் கல்லாக்கக் கேட்ட மானியம்

ரெஜினா மேடம் மறைந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் பழைய ஜீப் டிரைவர் நஞ்சுண்டா. காலையில் போன் செய்து, "சார், மேடம் ஹோக்பிட்ரு" என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, "நம்ம மேடம் போயிட்டாங்க சார்" என்று தமிழிலும் சொன்னார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

மைசூரில் நாங்கள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பாறைகளைப் படித்த விஞ்ஞானி, நான் கணக்கு அதிகாரி. உங்களில் சிலருக்கு அவரை மாதா கோயில் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். சிலருக்கு மண்டி மொஹல்லா கடைகளில் பேரம் பேசிக் கடைக்காரரை அழவைக்கும் அம்மாளாகத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தவர், தொண்ணூறுகளில் அரசாங்கத்திடம் ஒரு விசித்திரமான மானியம் கேட்டுச் சண்டை போட்டவர். அந்தக் கதையை முழுதாக அறிந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது நானும் நஞ்சுண்டாவும்தான் என்பதால் எழுதுகிறேன்.

முதல் நாள் என் அறைக்கு வந்து விண்ணப்பத்தை நீட்டினார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துச் சாராய ஆலையிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைக் குழாயில் பிடித்து, சுரங்கத்தில் கொட்டிக்கிடக்கும் பாறைப் பொடியில் செலுத்தி, கல்லாக மாற்றப்போவதாக எழுதியிருந்தார்.

"காத்தக் கல்லாக்கறதுக்குக் காசுங்களா மேடம்? கல்லு காத்தாப் போறதத்தானுங்க நான் இத்தனை வருஷமா கணக்குல பாத்துட்டிருக்கேன்" என்றேன். ஹனூர்க்காரனான எனக்கு வாய் சும்மா இருக்காது.

அடுத்த அறைவரை கேட்கும்படி சிரித்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்த எனக்கு அது ஏமாற்றம். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ம ஊர்ச் சுரங்கத்துல வெள்ளக்கல்லு எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க சண்முகம்? அந்தப் பாறை கரியமில வாயுவக் குடிச்சுக் குடிச்சுத்தான். அது மெதுவா பண்றத நாம கொஞ்சம் சீக்கிரம் பண்ணப் போறோம். அஷ்டே, அவ்வளவுதான்!" ஊரெல்லாம் புகை கூடிக்கொண்டே போகிறது, ஒருநாள் உலகம் இதற்கு வழி தேடும், அன்றைக்கு நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும் என்றார். அப்போது இதையெல்லாம் பேசுகிறவர்கள் குறைவு. நான் பாதிதான் நம்பினேன்.

நம்பினாலும் பயனில்லை. மரம் நட அரசாங்கத்தில் பணம் இருந்தது, சாண எரிவாயுவுக்கு இருந்தது. வாயுவைப் பிடித்து வெளியே விடாமல் பூட்டி வைப்பதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. எந்த விண்ணப்பமானாலும், 'இறுதியில் கிடைக்கும் பொருள் என்ன, அதை யார் வாங்குவார்கள்' என்ற கேள்வி அதில் இருக்கும். மேடம் அங்கே 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்தார். திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை மாற்றாமல் மறுபடி அனுப்பினார். கடைசியில், பாறைப் பொடி சுரங்கக் கழிவுதானே, கழிவைப் பயன்படுத்தும் திட்டம் ஒன்று இருக்கிறதே என்று வழி கண்டுபிடித்தவன் நான். அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. சிறிய தொகைதான் வந்தது, அதுவும் முதல் கட்டத்துக்கு மட்டும்.

ஆலைக்குப் பின்னால் மேடமும் உதவியாளர்களும் பீப்பாய்களில் ஈரப்பொடியை நிரப்பி வாயுவைச் செலுத்தினார்கள். தசரா வந்தது. மைசூரில் தசராவுக்கு யார் வேலை செய்வார்கள்? வாயுவைத் திறந்தபடி விட்டுவிட்டு எல்லாரும் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் மேலே அப்பளம் போல ஒரு தகடு கெட்டியாக நின்றது. கீழே சேறு சேறாகவே கிடந்தது. மேலே கல்லானது கீழே வாயு இறங்கவிடாமல் மூடிக்கொண்டது. எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது. மேடம் மட்டும் தகட்டைத் தட்டிப் பார்த்து, "கல்லாச்சுல்ல? அத மொதல்ல பாருங்க" என்றார்.

பொடியைப் புரட்டிக்கொண்டே இருந்தால் தகடு பிடிக்காது என்று அவருக்குப் பட்டது. அதற்கான இயந்திரம் வாங்க எங்களிடம் வசதி இல்லை. ஆகவே கோயம்புத்தூர் மாவு கிரைண்டர் ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, உள்ளே வாயுக் குழாயை விட்டார். வேலை நடந்தது. தணிக்கையும் வந்தது. தணிக்கை அதிகாரி ரசீதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏன் சார் இது? இட்லி ஹிட்டு ருப்போக்கே சர்க்காரி துட்டா?" என்றார். இட்லி மாவு அரைக்க அரசாங்கப் பணமா என்பது கேள்வி. மேடம் அவரை ஆலைக்கே அழைத்துப்போய், சாம்பல் நிறச் சேறு கடகடவென்று சுற்றுவதைக் காட்டி, "ஒரு கரண்டி ஊத்தித் தரட்டுங்களா?" என்று கேட்டார். மனிதர் சிரித்துவிட்டார். 'பாறை அரைக்கும் கருவி' என்று நான் எழுதிக்கொடுத்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

இரண்டாம் கட்டப் பணம் கிடைக்குமா என்பதை முடிவு செய்ய டில்லியிலிருந்து குழு வந்தது. கிடைக்காவிட்டால் மார்ச்சோடு எல்லாம் மூடல். குழுத் தலைவர் டில்லியில் குடியேறிய தமிழர், நல்ல மனிதர். மேடம் அரைத்து முடித்த பொடியில் சூடான அமிலத்தை ஒரு சொட்டு விட்டார். பொடி நுரைத்துப் பொங்கியது. "உள்ள போனது உள்ளயே இருக்கு சார். நாமளா அமிலம் விட்டாத்தான் வெளிய வரும்" என்றார். தலைவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

"எல்லாம் சரிம்மா. இந்தப் பொடிய யார் வாங்குவா? அதே வாயுவ சுத்தம் பண்ணி சோடா கம்பெனிக்குக் குடுக்கறதா எழுதுங்க. அடுத்த கட்டத்துக்கு முழுசா பணம் தர்றோம். ஒரு வரிதான் மாத்தணும். டீ குடிச்சிட்டு வந்து சொல்லுங்க."

வராந்தாவில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வரிதானுங்களே மேடம். பணம் வரட்டும். அப்பறம் நீங்க பாட்டுக்கு உங்க கல்ல அரைச்சுக்கங்க."

"சோடாவுக்கு வாங்கின காசுல கல்லு அரைச்சா மொதல்ல ஆட்சேபம் எழுதறது யாரு? நீங்கதானே?" என்றார். ஆமாம், நான்தான். எழுதியிருப்பேன்.

உள்ளே போனதும் தலைவரிடம் கேட்டார்: "சோடாவக் குடிச்சவன் ஏப்பம் விட்டா அது எங்க சார் போகும்?"

குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "திரும்ப வானத்துக்குத்தானே? பிடிச்சத விட்டுட்டு, பிடிச்சேன்னு நான் எழுதித் தர முடியாது. இல்ல சார், வேணாம்."

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொல்றது தப்பில்லம்மா. ஆனா அதுக்குப் பணம் குடுக்க எங்கிட்ட விதி இல்ல" என்றார். அவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது. பிறகு மேடம் ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் ஆராய்ச்சிக்கு மண் சோதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் திறமைக்கு அந்த வேலை!

இப்போது நாட்டுக்கு நாடு இதற்கென்றே கொள்கை வகுக்கிறார்கள், நிதி ஒதுக்குகிறார்கள். பேப்பரில் அப்படி ஒரு செய்தி வந்த அன்று அவருக்குப் போன் செய்து, "உங்க காலத்துல இது இல்லாமப் போச்சுங்களே" என்று ஆற்றாமையோடு சொன்னேன். "என் காலம் இன்னும் முடியல சண்முகம். வாயக் கழுவுங்க" என்று திட்டினார். முடிந்துவிட்டது மேடம்.

என் உத்தியோகமே 'இல்லை' என்று சொல்வதுதான். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஒவ்வொன்றுக்கும் விதிப் புத்தகம் துணை நின்றது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். மேடம் சொன்ன ஒரே ஒரு 'இல்லை'க்கு எந்தப் புத்தகமும் துணைக்கு வரவில்லை. அவர் ஆசைப்பட்ட வேலை முழுவதும் அதோடு போயிற்று.

குழு கிளம்பிப் போன அன்று, "பசிக்குதுங்க சண்முகம்" என்றார். மண்டி மொஹல்லாவில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். தோசையைப் பிட்டு வாயில் வைத்தவருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. "வருத்தமா இருக்குதுங்களா மேடம்?" என்று அசடு மாதிரி கேட்டேன்.

"வருத்தந்தாங்க. ரொம்ப வருத்தம்" என்றார். இன்னொரு வாய் சாப்பிட்டார். "ஆனா பாருங்க, வாய் கசக்கல."

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த வாக்கியம் ஒன்றுதான். நேற்று அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். எனக்குக் கசந்தது.