ஒரு தலை குறைகிறது

அழைப்புமணியை அழுத்துவதற்கு முன்னால் பக்தவத்சலம் குனிந்து வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுகிறார். புனேயின் வாகட் பகுதியில் ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடி, தெரிந்தவரான ரங்கராஜன் வீட்டுக் கதவு. ஒன்பது ஜோடி. "உள்ள பத்துப் பேர். ஒண்ணு இன்னும் நடக்கலை" என்று பக்கத்தில் நிற்கும் மனைவி பட்டுவின் காதில் சொல்லிவிட்டுத்தான் மணியடிக்கிறார். எப்படித் தெரியும் என்று பட்டு கேட்பதில்லை. கேட்டால் விளக்கம் வரும். கொடியில் காயும் துணிகளை அவர் கீழே கார் நிறுத்தும் இடத்திலிருந்தே பார்த்து முடித்திருப்பார்.

உள்ளே போனதும் யாரையும் நலம் விசாரிக்க மாட்டார். கண் ஒரு சுற்றுச் சுற்றும். பத்து சரியாக இருந்தால் பட்டுவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். அந்த நேரம் பார்த்துப் பட்டு சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை ரசிக்கத் தொடங்கிவிடுவாள்.

காஞ்சிபுரத்திலிருந்து இருபத்து நான்கு வயதில் புனே வந்தவர். புள்ளிவிவர இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் கள ஆய்வாளர். எந்தக் குக்கிராமத்தில் எத்தனை ஜோடி மாடு, எந்தக் கூரை ஓடு, எந்தக் கூரை தகரம், தண்ணீருக்கு எவ்வளவு தூரம், குளிர்காலத்தில் எத்தனை பேருக்கு ஒரு கம்பளி என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. ஒரு துணிப்பை, மூன்று பேனா, ஒரு குடை, ஒரு எவர்சில்வர் டம்ளர், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில். இவ்வளவுதான் சொத்து. அவர் பேசுகிற மராத்தியில் காஞ்சிபுரம் இட்லி வாசனை அடிக்கும் என்று ஆபீஸில் சிரிப்பார்கள். ஆனால் மலைமேல் இருக்கிற மனுஷர்களுக்கு அவர் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

எந்த வீட்டிலும் 'நீங்கள் எத்தனை பேர்' என்பது அவருடைய முதல் கேள்வியாக இருந்ததில்லை. முதலில் செருப்பு. பிறகு துணிக்கொடி. பிறகு, அடுப்படியில் பாக்ரி ரொட்டி வைத்திருக்கும் மூங்கில் கூடை. "வாய் ஆயிரம் சொல்லும். வாசலைப் பாரு, கூடையைப் பாரு" என்பார். மருமகள் தேஜஸ்வினி, இவர்கள் இப்போது இருக்கிற வாகட் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த வாரமே செருப்பு வைக்கக் கதவு போட்ட அலமாரி வாங்கிவிட்டாள். அந்த அலமாரியின் மேல் மனுஷருக்கு இன்றைக்கும் கோபம்தான்.

மரத்தடியில் உட்கார்ந்தபடியே ஒரு ஊரை எழுதி முடித்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கிற ஆசாமிகள் எந்த இலாகாவிலும் உண்டு. பக்தவத்சலம் அந்த ஜாதி இல்லை. 'கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன்' என்று எவராவது கேட்டால் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். "எனக்கென்ன, போடலாம். கை வராது" என்பார். அந்தக் கைக்கு வந்த சோதனைதான் ஆம்பேதரா.

இரண்டாயிரத்து ஒன்று, பிப்ரவரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கடக்வாஸ்லா அணையைத் தாண்டி, பஸ் போகிற கடைசி இடத்தில் இறங்கி, ஒன்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் ஆம்பேதரா. அந்த ஊருக்குப் போட்டிருந்த பள்ளி ஆசிரியர் அதே பாதையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மூங்கிலில் புடவை கட்டி நாலு பேர் அவரைச் சுமந்து இறக்கினார்கள். அவருக்குப் பதில் யார் போவது என்று ஆபீஸில் கேட்டபோது மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். நம் ஆள் கையைத் தூக்கிவிட்டார். இருபது நாள் மலைமேலேயே தங்க வேண்டிய வேலை, பதினோராம் தேதி தன்னுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் என்ற இரண்டும் அந்தக் கை தூக்கும்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை. பட்டு அதை ஞாபகப்படுத்தவும் இல்லை. எட்டாம் தேதி காலை, புனே கோர்படியில் அப்போது இருந்த வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலைப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆம்பேதராவில் அவருக்கு இடம் கொடுத்தவள் தாராபாய். நாற்பத்தைந்து வயது. விதவை. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள் பேசி முடித்ததும் என்ன முடிவு என்பதை அவர்களுக்குச் சொல்கிறவள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய முன்னறையைக் கூட்டிப் பெருக்கி, கயிற்றுக் கட்டில் போட்டு, "இது உங்க ஆபீஸ், சாஹேப்" என்றாள். மறுநாள் காலையிலேயே தன் வீட்டுக் கணக்கைச் சொன்னாள். ஒன்பது பேர்.

பக்தவத்சலம் வாசலைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "தாராபாய், ஒன்பது பேருக்கு எட்டு பாக்ரியா? நாலு பேர்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

"அஞ்சு பேர் விரதம் சாஹேப்."

விரதக்காரர்கள் ஐந்து பேரும் அடுத்த மலையிலிருந்து இரவல் வாங்கப்பட்டவர்கள். அடுத்த வீட்டிலும் அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு. மூன்றாவது வீட்டில் சட்டை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. பச்சை ஸ்வெட்டர் போட்ட கிழவர் ஒருவர், முதல் வீட்டில் சித்தப்பாவாக இருந்தவர், இங்கே மாமனாராக இருமிக்கொண்டிருந்தார். பக்தவத்சலம் அவருக்குத் தன் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். "ரொம்ப அலையறீங்க பாபா. மலை ஏறி இறங்கறது உடம்புக்கு ஆகாது" என்றார். கிழவர் வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார்.

தாராபாய் அதற்கும் அசரவில்லை. விஷயம் இதுதான்: இருநூற்றைம்பது தலை இருக்கிற மலை ஊர்களுக்குத் தார்ச்சாலை போடப் போகிறார்கள் என்று தாலுகா ஆபீஸில் பேச்சு அடிபட்டிருந்தது. அவளுடைய மகள் சுமன் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதம். போன மழையில் இதே ஊர்ப் பெண் ஒருத்தி மூங்கில் தூளியில் பாதி வழியிலேயே பிள்ளை பெற்றாள். தாய் பிழைத்தாள், பிள்ளை இல்லை. "சுமனுக்கு ரோடு வராதுன்னு எனக்குத் தெரியும் சாஹேப். அவ பெத்துப் போடறதுக்காவது வரட்டுமே" என்றாள் தாராபாய். இதைக் கேட்டபோது பக்தவத்சலம் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுமனைப் பார்த்தார். அவள் பெயரை எழுதும்போது அவர் ஒரு விதியும் சொன்னார்: வேற்றூர்க்காரர்தான், ஆனாலும் கணக்கெடுக்கிற நாட்கள் முழுவதும் சொந்த வீட்டில் இல்லாமல் இங்கேயே இருப்பதால் இங்கேதான் எழுத வேண்டும், சொந்த வீட்டில் எழுதக் கூடாது.

அடுத்த இரண்டு வாரம் மனுஷர் ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கினார். ஓட்டுக் கூரை முப்பத்தொன்று, புல்லுக் கூரை பதினாறு. படிக்கட்டு படிக்கட்டாக நெல் வயல், மேலே கேழ்வரகு. தினமும் விடிவதற்குள் பால் கேன்கள் தலையில் ஏறி ஒன்பது கிலோமீட்டர் இறங்கும். அதைத் தூக்கிப் போகிற பெண்களிடம் 'என்ன வேலை' என்று கேட்டால், எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி "வேலையா? சும்மாதான் இருக்கேன்" என்றார்கள். பக்தவத்சலம் அதைக் காதில் வாங்காமல் கேனைப் பார்த்து, கையில் இருந்த அரிவாளைப் பார்த்து, உழவர் என்று எழுதினார். வாலிபப் பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. புனே ஹோட்டல்களிலும் மார்க்கெட் மூட்டைகளுக்கு அடியிலும் இருந்தார்கள். ஹோலிக்கு வருவார்கள், ஹோலிக்குப் பத்து நாள் முன்பே கணக்கெடுப்பு முடிந்துவிடும்.

"ரோடு இல்லேன்னு பசங்க போயிட்டாங்க. பசங்க போனதால தலை குறைஞ்சுது. தலை குறைஞ்சதால ரோடு இல்லே" என்றாள் தாராபாய். "உங்க புஸ்தகத்துல இதுக்கு ஒரு கட்டம் இருக்கா?"

கட்டம் இல்லை. மொத்தம் கூட்டிப் பார்த்தபோது இருநூற்று நாற்பத்தொன்பது.

மறுபடி கூட்டினார். அதே நாற்பத்தொன்பது. ஊர் முழுக்க முன்னறை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று, சாஹேப். யாருக்குத் தெரியப் போகிறது. சுமனின் வயிற்றைக் காட்டி, "உள்ள ஒருத்தன் உதைச்சுக்கிட்டு இருக்கானே, அவனை எழுதுங்க" என்றாள் தாராபாய். பக்தவத்சலம் கையைத் தூக்கிக் காட்டினார். "வராது தாராபாய்" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வந்த டீயில் பால் இல்லை. எருமை மூன்று பின்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது; டீ மட்டும் கறுப்பாக வந்தது. பாக்ரி வழக்கம்போல் மூன்று வந்தது, அதில் குறை வைக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி, கடைசி நாள். காலையில் தாராபாய் கூடையையே தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எண்ணுங்க சாஹேப்."

"எதுக்கு?"

"நீங்கதானே எண்ணுவீங்க. எண்ணுங்க."

எண்ணினார். பதினொன்று.

"என் வீட்டுக்கு நாலு பேர்னு எழுதியிருக்கீங்க. நாலு பேருக்கு எட்டு பாக்ரி, நீங்களே முதல் நாள் சொன்னது. மறுநாள்லேர்ந்து தினமும் நான் பதினொண்ணு தட்டறேன். மிச்சம் மூணைத் தின்னது யாரு? எருமையா?"

பக்தவத்சலம் பையிலிருந்து கணக்கெடுப்பு விதிப் புத்தகத்தை எடுத்தார். சுமனுக்கு அவரே சொன்ன விதி. எட்டாம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பியவர். கணக்கெடுக்கிற ஒரு நாள்கூடச் சொந்த வீட்டில் இல்லாதவர். முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டி மூன்று தடவை படித்தார். ஊரிலுள்ள செருப்பையெல்லாம் எண்ணியவருக்குத் தன் செருப்பு கண்ணில் படவில்லை. சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். கோர்படி வீட்டில் பட்டு அவர் பெயரைச் சொல்லியிருந்தால்? அப்புறம் இங்கேயும் எழுதினால் ஒரே ஆள் இரண்டு தலை. அது பொய்க் கணக்கு. பச்சை ஸ்வெட்டர்க் கிழவருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? எந்தப் பெண்டாட்டியாவது வீட்டில் இருக்கிறவர்கள் யார் என்று கேட்டால் புருஷன் பெயரை விடுவாளா? குடையை எடுத்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் இறங்கினார். கீழே பஸ் நிற்கும் இடத்தில் எஸ்.டி.டி. பூத் இருந்தது.

"பட்டு, நான்தான். நம்மாத்துக்குக் கணக்கெடுக்க வந்தாளா?"

"இருபது நாள் கழிச்சு போன் பண்ணி, முதல் கேள்வி இதுவா?"

"வந்தாளா சொல்லு."

"வந்தா. பதினோராம் தேதி காலம்பற." பட்டு கொஞ்சம் நிறுத்தினாள். அவருக்கு உறைக்கவில்லை.

"எத்தனை பேர்னு சொன்னே?"

"மூணு. நான், ஜெயந்த், அம்மு."

"மூணா?"

"ஆத்துக்காரர் எங்கேன்னு கேட்டா அந்தப் பொண்ணு. ஊரை எண்ணப் போனவர், இருபத்தஞ்சு வருஷமா இன்னும் திரும்பி வரலை, வந்தா சொல்றேன், இப்போ மூணே போட்டுக்கோன்னேன்."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணினே பட்டு" என்று கத்திவிட்டார். பூத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் பதினோராம் தேதி என்ன நாள் என்பது அவர் மண்டையில் இறங்கியது. சந்தோஷத்தில் விரிந்த வாய் அப்படியே நின்றது.

"பட்டு, பதினோராம் தேதி..."

"அடுப்புல பால் பொங்கறது. வெச்சுடறேன்."

திரும்ப மலை ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வயசு ஒரு காரணம். பட்டு சொன்ன மூணு அதைவிடப் பெரிய காரணம். அவள் கோபத்தில் சொன்னதுதான், ஆனால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே என்று அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் தாராபாய் வீட்டுப் படிவத்தில் ஐந்தாவது வரியில் தன் பெயரைத் தானே எழுதினார். குடும்பத் தலைவிக்கு என்ன உறவு என்ற கட்டம் வந்தது.

"அண்ணன்னு எழுதுங்க" என்றாள் தாராபாய்.

"கை வராது. உறவு இல்லேன்னுதான் போடணும்."

"இருபது நாள் என் பாக்ரியைத் தின்னுட்டு உறவு இல்லையா?" என்று முறைத்தாள். ஆனால் அடுத்து வந்த டீயில் ஆடை மிதந்தது.

சாலை வர நான்கு வருஷம் ஆயிற்று. சுமனுக்கு அதற்கு முன்பே, அந்த ஏப்ரலில், தூளி இறங்குவதற்கு அவசியம் இல்லாமல் வீட்டிலேயே பெண் பிறந்தது. இப்போது பஸ் ஆம்பேதரா வரைக்கும் போகிறது. வருஷா வருஷம் ஒரு மூட்டை அரிசி அந்த பஸ்ஸில் வாகட்டுக்கு வருகிறது. அதெல்லாம் பிற்பாடு.

மார்ச் இரண்டாம் தேதி மத்தியானம் கோர்படி ரயில்வே லைன் ஓரத்து வீட்டு வாசலில் பக்தவத்சலம் நின்றார். பழக்கதோஷம், குனிந்து எண்ணினார். மகன் ஜெயந்தின் ஷூ, மகள் அம்முவின் வார் அறுந்த செருப்பு, பட்டுவின் நீல ரப்பர் செருப்பு. மூன்று ஜோடி. பட்டு சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது. மலைச் செம்மண் படிந்த தன் செருப்பைக் கழற்றி, அந்த வரிசையில் வைக்கத் தைரியம் இல்லாமல், படியின் ஓரமாகத் தள்ளி விட்டுவிட்டு மணியடித்தார்.

பட்டு கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள்.

"யார் வேணும்? இந்தாத்துல மூணே பேர்தான்."

பக்தவத்சலம் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்.

பட்டு ஒரு காலை வாசலுக்கு வெளியே நீட்டினாள். ஓரமாகக் கிடந்த செம்மண் செருப்பைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக இழுத்து, தன் நீலச் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தாள்.