நாற்பத்தொரு மாத்திரைகள்

2024 ஜூலை 11, வியாழக்கிழமை, காலை ஆறு பத்து. மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் டாக்டரைப் பார்க்கத் திருநெல்வேலி வண்டியில் நானும் என் மனைவியும் ஏறி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவள் மடியில் தண்ணீர்ப் பாட்டில். என் மடியில் நோட்டு.

அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின், நோய் திரும்பாமலிருக்கத் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை என்று ஐந்து வருஷத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். லெட்ரோசோல் என்று பெயர். சின்ன மஞ்சள் மாத்திரை. அவளுக்கு வந்த வகைக் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொண்டு வளருமாம். உடம்பில் அது ஊறாமல் மாத்திரை பார்த்துக்கொள்ளும்.

நாலாவது மாதத்திலிருந்து விரல்கள் மடங்கவில்லை. காலையில் எழுந்ததும் கையை வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும். ரவிக்கைக் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். மொத்தம் ஐந்து கொக்கி. கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷத்தில் நான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டது அப்போதுதான். மூன்றாவது கொக்கியில் எப்போதும் தடுமாறுவேன். "மெதுவா போடுங்க, கோயில்ல பூசைக்கு ரெண்டாவது மணி இன்னும் அடிக்கல" என்பாள். இது போதாதென்று நடுநடுவே கழுத்திலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் வியர்க்கும். ஐப்பசி மழையிலும் மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். நான் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன்.

துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. கப்பலடியில் ஒருவர் எண்ணுவார், கொட்டகை வாசலில் இன்னொருவர் எண்ணுவார். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. அந்தப் பழக்கத்தில், அவளுக்குத் தினமும் எவ்வளவு வலி என்று பத்துக்கு இத்தனை எனக் கேட்டு நோட்டில் எழுதினேன். சாயங்காலம் மாத்திரை அட்டையை எடுத்து, உடைந்த குழிகளை எண்ணி அதையும் எழுதினேன். ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை.

ஏப்ரலில் ஒருநாள், வெந்நீர்ச் சட்டிக்குள் கையை வைத்தபடி, "கொஞ்ச நாளைக்கு இத நிறுத்திப் பாத்தா என்னங்க?" என்றாள்.

பயம் வந்தால் எனக்கு எண்தான் வரும். "அஞ்சு வருஷம்னா ஆயிரத்து எண்ணூத்து இருவத்தாறு நாள். நானூத்து ரெண்டு போட்டாச்சு. பாக்கி ஆயிரத்து நானூத்து இருவத்து நாலு. அவ்வளவுதான்" என்றேன்.

"வட்டியையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மே முழுக்க எட்டிலேயே நின்ற வலி ஏழானது, ஐந்தானது. ஜூன் கடைசியில் மூன்றுக்கு வந்துவிட்டது. ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் அவளே ஐந்து கொக்கியையும் மாட்டிக்கொண்டு, குசினியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். ஜூலை 11 அன்று அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் அப்பாவைப் போல இருந்தேன்.

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். ஜூன் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக வந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"அம்மா, மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

"நிறுத்தலையே டாக்டர்" என்று நான் பதில் சொன்னேன். "அட்டையை நானே எண்ணுறேன்."

என் மனைவி பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"மே முப்பத்தொண்ணுல இருந்து போடல. பிதுக்கி எடுத்து குசினித் தொட்டில போட்டுத் தண்ணிய ஊத்திருவேன்."

நாற்பத்தொரு மாத்திரைகள். அட்டையிலிருந்து வெளியே வந்ததை மட்டும் எண்ணினேன். வாய்க்குள் போனதா என்று பார்க்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை. துறைமுகத்தில் புதிதாகச் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவளோ வலிக்கு மட்டும் தினமும் உண்மையான எண்ணைச் சொல்லியிருக்கிறாள். என் எழுத்தே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. "இந்த வலியில நிறைய பேரு நிறுத்திடுறாங்கம்மா. ஆனா சும்மா நிறுத்தக்கூடாது. இதே வேலையச் செய்ற வேற மாத்திரை இருக்கு. சிலருக்கு ஒண்ணு ஒத்துக்காட்டி இன்னொண்ணு ஒத்துக்கும். வலி வரவே வராதுன்னு சொல்லமாட்டேன். அதுவும் முடியலைன்னா வேற வகை இருக்கு. நிறுத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க, அது போதும்." மூன்று வாரம் எதுவும் வேண்டாம், அதற்குப் பிறகு எக்ஸிமெஸ்டேன், தினமும் சாப்பிட்ட பின் என்று எழுதினார். எலும்பு எப்படி இருக்கிறதென்று ஒரு ஸ்கேன் எடுக்கவும், சுண்ணாம்புச்சத்து மாத்திரை போடவும் சொன்னார்.

திரும்பும் வண்டி வல்லநாடு தாண்டியதும் கேட்டேன்.

"ஏளா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே. நீங்க கழிச்சுக் காட்டுனீங்க."

காற்று ஜன்னலில் அடித்து அவள் முடியைக் கலைத்தது. கீமோவுக்குப் பிறகு சுருட்டையாக முளைத்த முடி. ஒதுக்கிவிடக் கை போனது. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்ததால் மடக்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு நான் போயிருவேன்னு பயம். எனக்குத் தெரியாதா?" என்றாள் அவளாகவே. "எனக்கும் அந்தப் பயம் உண்டுங்க. ஆனா காலைல கைய மடக்க முடியாமக் கெடக்கும்போது, நீங்க நோட்டத் தூக்கிட்டு வந்து நிக்கீங்க. ஏதோ சரக்கு எறக்குத மாதிரி."

"இனிமே போடுவியா?"

"போடுதேன். ஆனா அட்டை எங்கிட்ட இருக்கும். நீங்க எண்ணக்கூடாது. கேக்கவும் கூடாது."

சரி என்று சொல்வதற்குள் வாகைக்குளம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி புது மாத்திரை தொடங்கினாள். அட்டை அவள் அலமாரியில், சேலைகளுக்கு அடியில். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் உள்ளே போவாள்; நான் செய்தித்தாளில் வராத செய்தியைப் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவள் பூசைக்குப் போயிருந்தபோது அலமாரிக் கதவைத் திறந்தும் விட்டேன். சேலையைத் தூக்கவில்லை. நாப்தலீன் வாசனையோடு மூடிவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டேன்.

வலி மறுபடி வந்தது. நான் கேட்கவில்லை, வெந்நீர்ச் சட்டி வெளியே வந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் முன்புபோல அரைமணி இல்லை. கொக்கியில் மேலே இரண்டுக்கு மட்டும் கூப்பிட்டாள். சூடு மட்டும் அப்படியே இருந்தது.

28ஆம் தேதி காலை அவளே அட்டையை எடுத்துவந்து செய்தித்தாளின் மேல் வைத்தாள்.

"ரெண்டுதான் இருக்கணும். நாலு இருக்கு. போன வாரம் வயித்தப் பெரட்டிச்சு, ரெண்டு நாள் போடல. அப்புறம் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுப் போடச் சொன்னாங்க. மூணு நாளா கொழப்பம் இல்ல."

என் வாயில் ஏதோ எண் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"என்ன, கோவமா?"

"இல்லளா. இரு, தீருறதுக்குள்ள அடுத்த மாசத்துக்கு வாங்கிட்டு வந்துருதேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தேன். "முப்பது போதுமா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். போதும் என்றேன். அன்றைக்கு வாங்கியதோடு, டாக்டர் பீஸ், எலும்பு ஸ்கேன், முதல் மாத மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து, மாத்திரை மாற்றியதற்கு மொத்தம் ஏழாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.