குரக்கன் முகம்

விதைகளை ஒட்டிப் படம் செய்வதில் ஒட்டுவது சின்ன வேலை. பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரிய வேலை. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. நான் விதைக்குச் சாயம் போடுவதில்லை. கறுப்புக்கு உளுந்து, பச்சைக்குப் பயறு. இயற்கையில் இல்லாத நிறம் என் படத்திலும் இல்லை. சண்டைகள் அங்கேதான் தொடங்கும்.

நாலாவது கடை

குண்டசாலையில் விடுதி கட்டிய ஒரு முதலாளி, முன்மண்டபத்துக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் வேண்டுமென்றார். ஆளுயரப் படம். யார் முகம் என்று நான் யோசிக்கவே இல்லை. பன்விலவில் கொழுந்து பறித்தே செத்துப்போன என் அம்மாவுக்கு, அடையாள அட்டையில் உள்ளதைத் தவிர வேறு படம் கிடையாது.

அம்மாவின் நிறம் குரக்கன் நிறம், கேழ்வரகின் கரும்பழுப்பு. எல்லாக் குரக்கனும் அந்த நிறமில்லை. கண்டிச் சந்தையில் நாலாவது கடையில் ஒரு பிடி அள்ளி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்கார நானா பொறுமையிழந்தார்: "தங்கச்சி, குரக்கன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

முகம் முடிந்த அன்று

கடுகண்ணாவையில் என் வீட்டுக்கே முதலாளி படம் பார்க்க வந்தார். கூடை நன்றாம், சேலை நன்றாம். முகத்தருகே வந்ததும் நின்றார். "ரொம்பக் கருப்பா இருக்கே. வெள்ளை எள்ளு போட்டுருங்களேன்."

"இது எங்க அம்மாங்க" என்றேன். மனிதர் வெட்கப்படுவார் என்று காத்திருந்தேன். ஆறுதல் சொன்னார்: "அம்மா செவப்பாத்தான் இருந்திருப்பாங்க, வெயில்ல நின்னு கறுத்திருப்பாங்க."

முன்மண்டபத்தில்

முகத்தை மாற்றாமலே படத்தைக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து, எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். அம்மாவின் முகத்தில் பெயின்ட் பூசியிருந்தார்கள். வெளிர் மஞ்சள். சுவருக்கும் அதே நிறம். ஒவ்வொரு குரக்கனும் பூச்சுக்கடியில் கொப்புளமாகத் தெரிந்தது.

யார் செய்தது என்று கத்தினேன். ஏணியிலிருந்த பெயின்டர் பெருமையாகத் திரும்பினார்: "நான்தான் அக்கா. செவத்துக்கு அடிச்சது மிஞ்சிச்சு, வீணாக்காம அடிச்சிட்டேன்."

கடைசித் தொலைபேசி

விற்ற படத்தில் கைவைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் விடுதிச் சமையலறையில் கத்தி வாங்கி, பலகை தெரியும்வரை முகத்தைச் சுரண்டினேன். யாரும் தடுக்கவில்லை. தூளாக வந்ததைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

மறுமாதம் முதலாளி அழைத்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் எடுத்தேன். முகமில்லாத இடத்தில் வட்டமாக அறுத்து, படத்தைத் தோட்டத்தில் நிறுத்தியிருக்கிறாராம். வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டையில் தலையை நீட்டிப் படம் எடுக்கிறார்களாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்: "இப்ப வர்ற வெள்ளைக்காரங்க எல்லாம் ஒங்க அம்மாவாத்தான் நிக்கிறாங்க, கோவம் போயிருச்சா?"

அதிலிருந்து நான் யானை மட்டுமே செய்கிறேன். யானை ஏன் இவ்வளவு கருப்பு என்று கண்டியில் இதுவரை யாரும் கேட்கவில்லை.