ஒரு டம்ளர் காபி செய்யும் கெடுதல்

இன்று சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து வந்ததும் மகளிடம் காபி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஒரு பொருள் பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போகும்வரை மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன கெடுதல் செய்கிறது என்று எழுதிவரச் சொன்னார்களாம் பள்ளியில். அதற்கு அவள் என் காபியைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம மலையில, நாகலூர்ல வெளைஞ்சது கண்ணு, அதுல என்ன கெடுதல்?"

"பழம் கழுவுன தண்ணி ஓடையில போகுதுங்கப்பா. கொட்டை லாரியில சேலத்துக்கு எறங்குது. பொடியாகி மறுபடி பஸ்ஸுல மலையேறுது. நொம்ப அலைச்சல். லாரியில மூட்டை ஏத்தி உடறதே நீங்கதானுங்களே!"

எட்டாவதோடு நின்றவன் நான்; தண்ணீருக்கு இறங்கி வந்தேன்.

"அப்ப பச்சத்தண்ணியாச்சும் குடு சாமி."

"அது மோட்டார் போட்டு ஏத்துனதுங்கப்பா" என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

காபி இன்னும் வரவில்லை. கெடுதலே இல்லாமல் குடிக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அவள் காதில் விழாமல்.