சாக்பீஸ் கோடு

அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். அந்த அனுபவத்தை எழுதப் போய், ஒரு மாத இதழில் கார்களைப் பற்றி எழுதும் வேலையே கிடைத்துவிட்டது. எண்பதுகளின் கடைசி அது. கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வந்தது.

ஒருநாள் கொரட்டூரிலிருந்து ஒரு தையல்காரர் என்னைத் தேடி வந்தார். என் கட்டுரைகளைப் படித்துத்தான் ஒரு பழைய காரை வாங்கினாராம். வலது கையில் பெரிய கட்டு. இடது கையில் என் கட்டுரை வந்த இதழ்.

"ரேடியேட்டர் மூடியத் தொறக்கணும்னு எழுதியிருந்தீங்க சார். சூட்டோட தொறந்துட்டேன், கொதிதண்ணி கையில பீச்சிடுச்சு."

இன்ஜின் ஆறும்வரை காத்திருப்பது எனக்குக் கைப்பழக்கம். அதனாலேயே அதை எழுதத் தோன்றவில்லை. தையல்காரரின் வலது கை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

அவரோ இதழை விரித்தார். "புண்ணு ஆறிடும் சார், உடு. இதுக்கப்புறம் ஒத்தக் கையால முடியல. இந்த வரியிலயே நின்னுகினு கீறேன்."

அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கொரட்டூர் போனேன். அவர் என் கட்டுரையை வரிவரியாக வாசித்தார், நான் செய்தேன். இன்னும் இரண்டு இடங்களில், என் கை தானாகச் செய்த முக்கியமானதை எழுதாமல் விட்டிருந்தேன். அவர் துணியில் குறி போடும் நீலச் சாக்பீஸை எடுத்து, இடது கையால் இதழில் அந்த இடங்களில் கோணலாகக் கோடு போட்டார்.

அதன்பிறகு பல வருடம் என் கட்டுரைகள் அவர் கடைக்குப் போய்த்தான் அச்சுக்குப் போயின. கை ஆறிய பிறகு கோடுகள் நேராக விழுந்தன. ஆனால் கோடு விழாத ஒரு கட்டுரையைக்கூட நான் எழுதியதில்லை.