கேட்காமல் வந்த மன்னிப்பு

ஐந்தருவி பஸ் நிறுத்தத்தில் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவின் தலையை நான் நூறு தடவையாவது வெட்டியிருப்பேன். பஸ் திரும்ப இருபது நிமிடம் இருக்கும். கண்டக்டர் அண்ணாச்சி முன்பக்கத்து பம்பரில் கழுத்தைச் சாய்த்துக்கொள்வார். நான் ஜாக்கி கம்பியை ஓங்க வேண்டும். "எங்கன ஓடிக் கெடந்தாலும் என் ராஜா ராஜாதாம்லே! வெட்டு!" என்று கத்துவார். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பஸ் ஏற வந்த சனம் மிரண்டுபோய் நிற்கும். அண்ணாச்சி தபால் வழியில் சரித்திரம் எம்.ஏ. முடித்தவர். வாத்தியார் வேலை கிடைக்காமல், தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாக ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் தோல்பையை மாட்டிக்கொண்டார். நான் அந்த பஸ்ஸுக்கு டிரைவர்.

பிரபுவின் கதையை அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். இங்கிலாந்தில் ஒரு ராஜாவைத் துரத்திவிட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து வேறு வம்சத்தைக் கூட்டிவந்து அரியணையில் உட்கார வைத்தார்கள். பழைய வம்சந்தான் எங்களுக்கு ராஜா என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் சண்டைக்குக் கிளம்பித் தோற்றார்கள். இந்தப் பிரபு வெளிநாட்டுக்குத் தப்பினார். ஊரில் இருந்த அப்பா, மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, அவருக்காக மன்னிப்பு வாங்கிவிட்டார். பிரபு ஊர் திரும்பினார். ஆனால் வயதான காலத்தில், துரத்தப்பட்ட ராஜாவின் பேரன் வந்து இறங்கியதும் மறுபடியும் வாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதிலும் தோல்வி. லண்டன் கோட்டையில் அடைத்து, தலையை வெட்டத் தீர்ப்பு. கூடப் பிடிபட்ட பிரபுக்கள் கெஞ்சினார்கள். ஒருவருக்கு உயிரும் மிஞ்சியது. இவர் கெஞ்சவில்லை. தோற்ற படையின் சீருடையிலேயே மேடை ஏறினார். தன் சவப்பெட்டியில் பெயரைச் சரியாகப் பொறித்திருக்கிறார்களா என்று வாசித்துப் பார்த்தார். கோடாலியைக் கையில் வாங்கிக் கூர் பார்த்தார். "அப்பன் வாங்கிக் குடுத்த மன்னிப்புதாம்லே அந்த மனுசனை உள்ளுக்குள்ள அரிச்சிருக்கு" என்பார் அண்ணாச்சி. எனக்கானால் எப்போதடா டீ குடிக்கப் போவோம் என்றிருக்கும்.

ஒரு காலாண்டு லீவு. குற்றாலத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பின்னால் வந்த காருக்கு என்னால் வழி விட முடியவில்லை. கார் எங்கள் முதலாளியின் மகனுடையது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவன் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அத்தனை பயணிகள் முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சிதான் விசிலை நீளமாக ஊதினார். "எல்லாரும் எறங்குங்க. அடிச்ச இந்தப் பையன் தப்புன்னு சொல்லுத வரைக்கும் வண்டி ஓடாது" என்றார். எங்கள் கம்பெனியின் ஆறு வண்டிகளும் நின்றன. எனக்காக ஆறு வண்டி நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. அதற்கப்புறம் நான் செய்ததை நினைத்தால் தலை தானாகவே தொங்கிவிடுகிறது.

எட்டு நாள் தாங்கினோம். ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. வருசா வருசம் ஷெட்டில் பஸ்களைக் கழுவி வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, முதலாளி ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். காலில் விழுந்து காக்கித் துணி வாங்க வேண்டும். அந்தத் துணி கிடைத்தால் அடுத்த வருசமும் வேலை உண்டு என்று அர்த்தம். வண்டியை நிறுத்தியது தப்பு என்று ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் இந்த வருசம் துணி என்று முதலாளி சொல்லிவிட்டார். என் மனைவிக்கு நிறைமாதம். முந்தின நாள் சாயங்காலம் நான் முதலாளி வீட்டுக்குப் போய்க் கையைக் கட்டி நின்றேன். அதோடு விட்டேனா, பாவி! "கண்டக்டரும் வருத்தப்படுதாரு மொதலாளி. நேர்ல வர வெக்கப்படுதாரு" என்றேன். அவரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவரிடம், "பேசி முடிச்சாச்சி அண்ணாச்சி, பூசைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

நாம் ஜெயித்துவிட்டோம் என்று நம்பி அந்த மனிதர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, முகமெல்லாம் சிரிப்பு. முதலாளி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆள் விட்டு மன்னிப்புக் கேட்டுட்டான். போனாப் போறான், மன்னிச்சிட்டேன்" என்று துணியை நீட்டினார். அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். பார்க்க மட்டும் செய்தார். பிறகு முதலாளியிடம், "நான் யாரையும் அனுப்பல. கேக்காத மன்னிப்பை எந்தக் கையில வாங்கணும்னு எனக்குத் தெரியாது மொதலாளி" என்றார். தோல்பையைக் கழற்றி பஸ் படியில் வைத்தார். ஷெட்டில் நின்ற அத்தனை பேரையும் கடந்து வெளியே நடந்தார். என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் காலில் விழுந்து துணியை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் சிமெண்டு கடையில் மூட்டை தூக்கினார், ஷேர் ஆட்டோ ஓட்டினார். எம்.ஏ. படித்தவர் மூட்டை தூக்குகிறாரே என்று ஊரில் பாவப்பட்டவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். பாவப்பட வேண்டியது என்னைப் பார்த்து அல்லவா? எதிரே அவருடைய ஆட்டோ வந்தால் நான் பஸ்ஸை ஓரங்கட்டி வழி விடுவேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவார். இருபது வருசத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

போன வாரம் கண் மங்குகிறது என்று என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள் காலையிலேயே குத்துக்கல்வலசையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னைய மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏலே, ஒனக்கு வேற சோலியே கெடையாதா? அன்னைக்கு அடிச்சவன் வீட்டுல போயி மன்னிப்புக் கேட்ட. இன்னைக்கு எங்கிட்ட வந்து கேக்க. ஒங்கிட்ட ஒருத்தன் கேக்கணுமே, அதை என்னைக்கு வாங்கப் போற?"

அவர் வீட்டம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு நேராகக் கம்பெனிக்குப் போனேன். அடித்த மகன்தான் இப்போது முதலாளி. தலை நரைத்து, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். "வாங்க, ஏதும் உதவி வேணுமா?" என்றார். "வேண்டாம். பஸ் ஸ்டாண்டுல வச்சி என்னைய அறைஞ்சீங்கள்லா, அது தப்புன்னு ஒரு வார்த்தை நீங்க எங்கிட்ட சொல்லணும்" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "அந்தப் பழசெல்லாம் இப்ப எதுக்கு, போயிட்டு வாங்க" என்றார். போனேன். மறுநாள் மறுபடி வந்து அதையே கேட்டு நின்றேன்.

இன்றோடு நாலு நாள். மேனேஜர் மிரட்டிப் பார்த்துவிட்டார், கெஞ்சியும் பார்த்துவிட்டார். டிரைவர் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். இன்று காலை பதினொரு மணிக்கு அண்ணாச்சி தன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், உட்காருங்கள் என்று இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நாங்கள் உட்காரவில்லை.