தொட்டியில் சேத்துக்கெண்டை, சட்டியில் முட்டைக் குழம்பு

அப்பாவுக்கு ஆப்பிரிக்கா மீன் வேண்டும். சாந்தோமில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல், அதில் இல்லாத மீனா என்று அம்மா கேட்டாள். இது வேறு ஜாதி என்றார் அப்பா. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து முட்டைக்குக் காவல் இருக்குமாம், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியுமாம். பள்ளிக்கூடத்தில் இயற்கை விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாவது என்று ஒரு வைராக்கியம்.

யுத்த காலம் அது. அரிசிக்கே கப்பல் வரவில்லை, மீனுக்கா வரும்? பிறகு ஏதோ புத்தகத்தில் அப்பா கண்டுபிடித்தார், அந்த மீனின் பங்காளி ஒன்று அடையாறு முகத்துவாரத்திலேயே இருக்கிறது என்று. சேத்துக்கெண்டை. நாங்கள் மஞ்சளும் மிளகாயும் தடவி வறுத்துத் தின்றுகொண்டிருந்த அதே சேத்துக்கெண்டை. அம்மா அன்று சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

குண்டு விழும் என்று பயந்து ஊரைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் அப்பா கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்துவந்தார். கூடத்தில் மாதா படத்துக்கு நேர் எதிரே அதற்கு இடம் ஒதுக்கினார். தண்ணீர் ஊற்றிய அன்றே மூலையில் ஒழுகியது. அடைத்தார், காயவைத்தார், திரும்ப ஊற்றினார். ஆற்று மணலை உட்கார்ந்து ஏழெட்டுத் தண்ணீரில் களைந்தார். வீட்டில் ஒருநாளும் அரிசி களைந்தவர் இல்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் போதாது, முகத்துவாரத்துத் தண்ணீரும் பாதி கலக்க வேண்டும் என்று ரிக்‌ஷாவில் குடம் குடமாகக் கொண்டுவந்தார்.

"இன்னா சார், ஊட்ல கெணறு கீது. இந்த உப்புத்தண்ணிய இஸ்துக்கினு வர்றதுக்கு என் காலு தான் கெடச்சுதா?" என்று ரிக்‌ஷாக்காரர் கேட்டதை அம்மா ரொம்ப நாள் சொல்லிச் சொல்லி ரசித்தாள்.

ஆறு மீன் விட்டார். அவற்றுக்குள் ஒரு முரட்டு ஜோடி சேர்ந்து மற்றவற்றைத் துரத்தித் துரத்தி அடித்தது. இருந்தது ஒரே தொட்டி, பிரித்துவைக்க வழியில்லை. தோற்றுப்போய் மூலையில் ஒதுங்கியதை எல்லாம் அம்மா உடனுக்குடன் எடுத்துக் குழம்பில் நல்லடக்கம் செய்தாள். கடைசியில் அந்த ஜோடி மட்டும் மிஞ்சியது, அகன்ற உள்ளங்கை அளவுக்கு, பச்சை உடம்பில் முத்து முத்தாகப் புள்ளியுடன். அப்பா தொட்டிக்குள் ஒரு கூரை ஓட்டைச் சாய்த்துவைத்துவிட்டு, முட்டைக்காகத் தவம் கிடந்தார்.

இந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்கச் சைதாப்பேட்டையிலிருந்து வருவதாகத் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பையனுக்கு வேலை, நிலம், நல்ல பெயர் எல்லாம் உண்டு. அப்பா தலையாட்டி நாள் குறித்துவிட்டார், வெள்ளிக்கிழமை. எங்கள் மாதிரி வேதக்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் ஆட்டுக்கறிக் குழம்புக்காகவே சம்பந்தம் கூடிவரும் என்று நம்பியிருந்தோம். சரி, மீன் செய்யலாம் என்றால் அன்று கடல் கொந்தளிப்பு. ஒரு கட்டுமரமும் போகவில்லை. மார்க்கெட்டில் கருவாடுதான் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கருவாடா வைப்பது?

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியிடம் போனாள். எனக்கும் அந்த நிமிஷம் மீன் மேல் பரிதாபம் வரவில்லை. என் கல்யாணமா மீனா என்றால் மீன் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

"இன்னிக்கு வேணாம்" என்றார் அப்பா. "காலையிலதான் முட்டை போட்டிருக்கு."

அம்மா காதில் வாங்காமல் கையை விட்டாள். ஒரு மீன் பாய்ந்து வந்து அவள் விரலைக் கொத்தியது. கையை உதறிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஓட்டில் கேழ்வரகு ஒட்டியதுபோல் முட்டைகள். இன்னொரு மீன் நகராமல் துடுப்பால் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"கொத்துனது எது?"

"அப்பனாத்தான் இருக்கும். ரெண்டும் மாத்தி மாத்திக் காவல் இருக்கும். அது போனா இது வந்து விசிறும்." அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அம்மா நிமிர்ந்தாள். "மூணு புள்ள பெத்தேனுங்க. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி நீங்க தூக்கி வச்சிருந்திருப்பீங்களா?"

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் கோழிமுட்டை வாங்கிவரச் சொல்லி என்னை விரட்டினாள். மீன்முட்டைக்கு இரங்கியவள் கோழிமுட்டைக்கு இரங்கவில்லை. நான் வாங்கிவந்ததும் அவித்து இறக்கினாள். அப்போது அப்பா அடுக்களைக்குள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டி பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"குடு, நான் உரிக்கிறேன்."

பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போனது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெங்காயமே இல்லாமல் கண்ணைத் துடைத்தாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கால் கழுவக் கிணற்றடிக்குப் போன பையனின் அம்மா, போகிற வழியில் அடுக்களையை எட்டிப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். மீசையில் முட்டை ஓட்டோடு அப்பா எழுந்து கும்பிட்டார். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையன் தொட்டியையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது தரகர் பதில் சொன்னார். "ஆம்பளைய அடுப்படியில உக்காரவச்சு முட்டை உரிக்க வைக்கிற வீடாம். அந்தப் பொண்ணு வந்தா நம்ம புள்ள கதி இன்னாவும்னு கேக்குறாங்க."

வீட்டுக்கு வந்தோம். தொட்டியில் குஞ்சுகள் பொரிந்து ஓட்டைச் சுற்றித் துடித்துக்கொண்டிருந்தன. அப்பா இத்தனை காலம் காத்திருந்த காட்சி. அதை ஏறெடுத்தும் பார்க்காமல் என் முன்னால் வந்து தலைகுனிந்து நின்றார்.

"என்னாலதாம்மா உனக்கு..."

"விடுங்க" என்றாள் அம்மா. "முட்டை உரிக்கத் தெரிஞ்ச புள்ளையாப் பாத்துக் கட்டுவோம்."